1970 ஷெவெல் காருக்கு எந்த சஸ்பென்ஷன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிச்சிகனில் பழைய காரை வெளியே எடுக்க வருடத்துக்கு ஐந்து மாதம் கிடைத்தாலே அதிகம். சாலையில் உப்பு போட ஆரம்பித்துவிட்டால் போர்வையைப் போர்த்திக் கராஜில் நிறுத்திவிட வேண்டியதுதான். என்னிடம் இருப்பது செவ்ரோலே நிறுவனத்தின் 1970 ஷெவெல் மாலிபு. இரண்டு கதவு, 350 கன அங்குல இன்ஜின். பதினோரு வருடமாக நானே பிரித்து மாட்டி ஓட்டுகிறேன். தமிழ்ச் சங்கப் பிக்னிக்குக்கு எடுத்துப்போனால் சாப்பாட்டுப் பந்தியைவிடக் காரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். அங்கே பழகிய சிலர் தாங்களும் இதுபோல ஒன்று வாங்கிவிட்டார்கள். வாங்கிய பிறகு சஸ்பென்ஷன் பற்றி, அதாவது சக்கரத்தையும் காரையும் இணைக்கும் ஸ்பிரிங், ஷாக், கைகள் பற்றித் தொலைபேசியில் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, நீங்க சொல்றதெல்லாம் ஷெவெலுக்கு மட்டுமா? என்கிட்ட இருக்கறது ஜிடிஓ.

ஜிடிஓவுக்கும் பொருந்தும். 1964 முதல் 1972 வரை ஜெனரல் மோட்டார்ஸ் தன் நடுத்தரக் கார்கள் எல்லாவற்றையும் 'ஏ-பாடி' என்ற ஒரே அமைப்பில் செய்தது. ஷெவெல், போன்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபைல் 442, பியூக் ஜிஎஸ் எல்லாம் அந்தக் குடும்பம்தான். நான்கிலும் உடலுக்குக் கீழே தனி ஃபிரேம் உண்டு. முன்னால் பக்கத்துக்கு ஒரு மேல் கை, ஒரு கீழ்க் கை (சக்கரத்தை ஃபிரேமோடு இணைத்து ஏறி இறங்கும் இரும்புச் சட்டங்கள்), நடுவில் காயில் ஸ்பிரிங். பின்னால் இரு சக்கரத்தையும் இணைக்கும் கட்டி ஆக்ஸில், அதைப் பிடிக்க நான்கு கைகள், இரண்டு காயில் ஸ்பிரிங். பாகம் வாங்கும்போது 1964–67, 1968–72 என்ற இரண்டு தலைமுறையைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

காமரோவுக்கும் மஸ்டாங்குக்கும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவற்றின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். மஸ்டாங்கில் முன்பக்க ஸ்பிரிங் மேல் கையின் மீது உட்காரும். டயர், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), ஷாக் பற்றிய பதில்கள் மட்டும் அவற்றுக்கும் உதவும்.

வளைவுல ஓடம் மாதிரி சாயுது. முதல்ல ஸ்பிரிங்கை மாத்திடலாமா?

வேண்டாம். ஐம்பது வயது தாண்டிய காரில் நீங்கள் உணரும் ஆட்டத்தில் பெரும்பகுதி தேய்மானம். கைகளின் முனையில் இருக்கும் புஷ் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், கையையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் தளர்ந்திருக்கும், ஷாக்கில் எண்ணெய் வற்றியிருக்கும், டயர் வயதாகிக் கெட்டிப்பட்டிருக்கும். இவற்றை அப்படியே விட்டுவிட்டுக் கெட்டியான ஸ்பிரிங் போட்டால், தளர்ந்த மூட்டுகளில் இடி இன்னும் பலமாக விழும். கார் குலுங்கும், ஆனால் நேராகப் போகாது.

என் வரிசை இதுதான்: ஃபிரேம், டயர், மூட்டுகளும் புஷ்களும், ஷாக், அலைன்மென்ட். இவ்வளவும் முடித்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஸ்வே பார், அதாவது இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பி. ஸ்பிரிங் கடைசி. பலர் அலைன்மென்ட்டோடு நின்றுவிட்டார்கள், அதற்கு மேல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஃபிரேமை ஏன் முதல்ல சொல்றீங்க? பெயின்ட் பளபளன்னு இருக்கே.

பளபளப்பு மேலே. கைகள் மாட்டியிருப்பது கீழே. உப்புச் சாலை ஊர்க் காராக இருந்தால் பின் சக்கரத்துக்கு முன்னால் ஃபிரேம் மேல்நோக்கி வளையும் இடத்தையும், பின்பக்கக் கீழ்க் கைகள் மாட்டும் இடத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று ஒலிக்கும். துரு தின்ற இரும்பு 'பொத்' என்று சொல்லும். பொத்தென்றால் சஸ்பென்ஷன் பட்டியலை மூடி வைத்துவிட்டு வெல்டரிடம் போங்கள்.

கூடவே, உடலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மெத்தைகளையும் பாருங்கள். அவை நசுங்கினால் கதவு இடைவெளி மாறும், மேடு பள்ளத்தில் உடல் தனியாக நடுங்கும். அதை ஷாக் கோளாறு என்று எண்ணிப் பணம் செலவழித்தவர்கள் உண்டு.

எது தேஞ்சிருக்குன்னு வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஜாக்கியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம். இந்தக் கார்களில் ஸ்பிரிங் கீழ்க் கையின் மீது உட்கார்ந்திருக்கிறது, காரின் எடையைத் தாங்குவது கீழ் பால் ஜாயின்ட். ஃபிரேமில் ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்பிரிங் கீழே தள்ளி மூட்டை இறுக்கமாகவே வைத்திருக்கும், தேய்மானம் தெரியாது. கீழ்க் கையின் வெளி முனைக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். இப்போது டயரின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே அசைத்துப் பாருங்கள்.

ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். பிறகு டயரின் இடதும் வலதும் பிடித்து அசையுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் டை ராட் முனைகள், ஐட்லர் ஆர்ம் ஆகிய ஸ்டீயரிங் இணைப்புகளைக் கையால் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். காரைத் தூக்கியபின் ஸ்டாண்ட் போடாமல் அடியில் கை கூட நீட்டக்கூடாது.

டயர் பட்டன் அப்படியே இருக்கு, இரண்டாயிரம் மைல்கூட ஓடல. அதையுமா மாத்தணும்?

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2312 என்றிருந்தால் 2012-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. வாரக் கடைசியில் மட்டும் ஓடும் காரின் டயர் தேய்ந்து சாவதில்லை, காய்ந்து சாகிறது. பத்து வருடம் தாண்டியதை நான் நம்புவதில்லை. ஈரச் சாலையில் அது பிளாஸ்டிக் போல வழுக்கும்.

இந்தக் கார்கள் இன்று எல்லாரும் போடும் ரேடியல் டயருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஷெவெலின் வேக மாடலான 1970 எஸ்எஸ் காரோடு வந்தது எஃப்70-14 அளவில், உள் இழைகள் சாய்வாகப் போகும் பழைய பயஸ் பிளை டயர். இன்று வெள்ளை எழுத்து டயர்தான் வேண்டும் என்பவர்களுக்கு 15 அங்குல வீலில் முன்னால் 235/60, பின்னால் 255/60 அளவு அழகாகவும் பொருத்தமாகவும் இருக்கும். 17 அங்குல வீலில் பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கச்சுவர் குட்டையாகிவிடும். எங்கள் ஊர்ச் சாலைக் குழிகளின் இடியை முதலில் விழுங்குவது உயரமான பக்கச்சுவர்தான். அதனால் நான் 15-ஐ விட்டு நகரவில்லை.

எந்த ஷாக் போடலாம்? கடையில இருபது விதம் இருக்கு.

ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது, ஷாக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. அதனால் ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் வேண்டும். ஆலை ஸ்பிரிங்கோ, அதைவிடச் சற்றே கெட்டியானதோ இருக்கும் காருக்கு, சாலைக்கென்று டியூன் செய்த மோனோடியூப் கேஸ் ஷாக் (ஒரே குழாயில் அழுத்த வாயு அடைத்தது) நல்ல தேர்வு. பில்ஸ்டீன் இந்தக் காருக்கு அப்படி ஒன்றைச் செய்கிறது. பழைய எண்ணெய் ஷாக்கிலிருந்து அதற்கு மாறியபோது கார் மேட்டில் ஏறி இறங்கி ஒரே ஆட்டத்தில் நின்றது. முன்பு இரண்டு மூன்று முறை தாலாட்டும்.

குமிழைத் திருகிக் கெட்டியாக்கும் ஷாக் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வாங்கியவர்கள் முதல் வாரம் திருகுவார்கள், பிறகு ஒரே இடத்தில் விட்டுவிடுவார்கள். அந்தக் காசை டயருக்குக் கொடுங்கள்.

பாலியூரிதேன் புஷ் ரப்பரைவிட நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

இடத்தைப் பொறுத்தது. இந்தக் கேள்விக்குத்தான் தவறான பதில் அதிகம் சுற்றுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்பக்கக் கைகள் கதவுக் கீல் போல ஒரே அச்சில் ஏறி இறங்குகின்றன. அங்கே ரப்பரைவிடக் கெட்டியான பிளாஸ்டிக்கான பாலியூரிதேன் வேலை செய்யும். ஸ்டீயரிங் கூர்மையாகும், ஆனால் சாலையின் சின்னச் சின்ன அதிர்வு மேலே வரும். கிரீஸ் வற்றினால் கீச்சென்று கத்தும். பின்பக்கம் வேறு கதை. அங்கே மேல் கைகள் இரண்டும் சாய்வாக, ஆக்ஸிலின் நடுவை நோக்கி மாட்டியிருக்கின்றன. ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பதும் அவைதான். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது அந்தக் கைகள் முறுக்கிக்கொள்ள வேண்டும். முறுக்கத்துக்கு வழிவிடுவது புஷ்ஷின் மென்மை. அங்கே கெட்டியான புஷ்ஷை அடைத்துவிட்டால் கைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும், பின்பக்கம் பெரிய ஸ்வே பார் போட்டது போல விறைக்கும். வளைவில் திடீரென்று பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போவது இதனால்தான்.

வாரக் கடைசிக் காருக்கு நான் நான்கு பக்கமும் நல்ல ரப்பரே போடுவேன். முன்னால் மட்டும் பாலி வேண்டுமென்றால் போடுங்கள். பின் மேல் கைகளில் கண்டிப்பாக ரப்பர், அல்லது எல்லாத் திசையிலும் சுழலும் உருண்டை மூட்டு. ரப்பர் போடும்போது ஒன்றை மறக்காதீர்கள்: கார் தன் எடையில் சக்கரத்தின் மீது நிற்கும்போதுதான் கைகளின் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரமே கிழியும், காரும் உயரமாக நிற்கும்.

அலைன்மென்ட் பண்ணியாச்சு. எல்லாம் பச்சை கலர்ல சரியாத்தான் காட்டுச்சு. ஆனா ஹைவேல அலையுதே?

மெஷினில் பச்சை காட்டியது 1970-இல் ஆலை கொடுத்த எண்களுக்கு. அந்த எண்கள் பயஸ் பிளை டயருக்கும், பவர் இல்லாத ஸ்டீயரிங்கைக் கையால் திருப்புகிறவர்களுக்கும் எழுதியவை. கேஸ்டர் பூஜ்யத்தை ஒட்டி, சில சமயம் மைனஸிலேயே இருக்கும். கேஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் அச்சு எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தானே கைவிட்டு ஓட்ட முடிகிறது? அந்தச் சாய்வு இல்லாத கார் நேராகப் போக ஒவ்வொரு நொடியும் உங்களைக் கேட்கும்.

ரேடியல் டயரும் பவர் ஸ்டீயரிங்கும் உள்ள காருக்கு நான் சீட்டில் எழுதிக் கொடுக்கும் எண்கள்: கேஸ்டர் பிளஸ் 3 முதல் 4 டிகிரி, கேம்பர் (சக்கரத்தின் தலை சாயும் அளவு, மைனஸ் என்றால் உள்பக்கம்) மைனஸ் அரை டிகிரி, டோ (இரு சக்கரத்தின் முன் விளிம்பும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பும் அளவு) உள்நோக்கி மொத்தம் எட்டில் ஒரு அங்குலத்துக்குள். பவர் இல்லையென்றால் கேஸ்டர் 2 போதும், இல்லாவிட்டால் பார்க்கிங்கில் தோள் வலிக்கும்.

இந்தக் காரில் அளவை மாற்றுவது மேல் கையின் தண்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் செருகும் தகடுகளால், அதாவது ஷிம்களால். பின் போல்ட்டில் ஷிம் கூட்டினால், முன் போல்ட்டில் குறைத்தால் கேஸ்டர் ஏறும். இரண்டிலும் சமமாகக் கூட்டினால் கேம்பர் மைனஸ் பக்கம் போகும். ஆலை மேல் கைகளோடு பெரும்பாலும் 2, 2.5 டிகிரிக்கு மேல் ஏறாது, அதற்குள் ஷிம் அடுக்குக்கு இடமில்லாமல் போய்விடும். அதைத் தாண்ட வேண்டுமென்றால் கேஸ்டரை உள்ளேயே வைத்துச் செய்த மேல் கை வாங்க வேண்டும். ஷிம் வைத்து வேலை தெரிந்த பெரியவர் இருக்கும் பட்டறையாகத் தேடுங்கள். டோவை மட்டும் திருப்பிவிட்டு அனுப்புகிற இடங்களில் இந்தக் கார் தேறாது.

ஸ்வே பார் போட்டா குலுங்குமா? முன்னால போதுமா, பின்னாலயும் வேணுமா?

இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது ஸ்வே பார் சும்மா சுழலும், அதனால் சொகுசு கெடாது. ஒரு பக்கம் மட்டும் அமுங்கும்போது, அதாவது வளைவில், அது முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கிறது. கொடுக்கும் காசுக்கு இந்தக் காரில் மிக அதிகப் பலன் தருவது இதுதான். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். ஒரு அங்குலக் கம்பியை ஒன்றே கால் ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பார்வைக்குச் சின்ன வித்தியாசம், சாலையில் பெரிது.

முதலில் முன்னால் போடுங்கள், ஓட்டிப் பாருங்கள், பிறகு பின்னால். பின்னால் மட்டும் பெரிதாகப் போட்டால் மழையில் பின்பக்கம் சறுக்கும். இந்தக் காரில் பின் ஸ்வே பார் கீழ்க் கைகளிலேயே போல்ட் ஆகிறது. சாதாரண மாலிபுவின் கீழ்க் கை அடியில் திறந்த தகடு, போல்ட்டை முறுக்கினால் நசுங்கும். ஆலையே ஸ்வே பார் கொடுத்த கார்களில் அந்தக் கையை மூடிய பெட்டிபோலச் செய்திருக்கிறார்கள். அதுபோன்ற கையை வாங்கிவிட்டுப் பாரை மாட்டுங்கள்.

கொஞ்சம் தாழ்வா நின்னா அழகா இருக்கும். ஸ்பிரிங்கை வெட்டிடலாம்னு பட்டறைக்காரர் சொல்றார்.

அழகுக்காக என்று தயங்காமல் சொல்லுங்கள். சனிக்கிழமைக் கார் அழகாக நிற்க வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. ஒரு அங்குலம் தாழ்ந்தால் ஷெவெல் சக்கர வளைவுக்குள் சரியாக உட்காரும், நடத்தையும் கெடாது. அதற்கென்றே செய்த ஸ்பிரிங் கிடைக்கிறது.

வெட்டினால் என்ன ஆகும் என்றால், சுற்று குறையும்போது மீதி ஸ்பிரிங் கெட்டியாகும். முன்பக்கத்தில் அரைச் சுற்று வெட்டி நன்றாக ஓடுகிற கார்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாத வேலை அது. நெருப்பு வைத்துத் தாழ்த்துவதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஸ்பிரிங் இரும்பின் உயிர் போய்விடும்.

புது ஸ்பிரிங் மாட்டும்போது கீழ்க் கையின் குழியில் இரண்டு வடிகால் துளைகளைப் பார்ப்பீர்கள். ஸ்பிரிங்கின் முனை ஒரு துளையை மூடி, மற்றதைத் திறந்துவிட்டு நிற்க வேண்டும். இதைக் கவனிக்காமல் மாட்டினால் கார் ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும், காரணம் தேடி அலைவீர்கள்.

முன் ஸ்பிரிங் 350 பவுண்டா 550 பவுண்டா? கெட்டியா இருந்தா நல்லா ஓடும்தானே?

ஒரு அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு வேண்டும் என்பதுதான் அந்த எண். ஸ்பிரிங் கீழ்க் கையின் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது, அதனால் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது அதில் நாலில் ஒரு பங்கு அளவுதான். 350 பவுண்டு ஸ்பிரிங் சக்கரத்தில் தொண்ணூறு பவுண்டு போலத்தான் உணரப்படும். அதனால்தான் எண்ணைப் பார்த்து பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

550 பவுண்டு என்பது பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்கு. நான் ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். அந்தக் கோடையில் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். பின் சீட்டில் உட்கார வைத்து ஹைன்ஸ் டிரைவ் ஆற்றோரச் சாலையில் கூட்டிப்போனேன். ஒவ்வொரு சாலை இணைப்பிலும் சீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திரும்பும்போது, "உன் தம்பி காரில் வருகிறேன்" என்றார். அடுத்த வாரமே ஸ்பிரிங்கைக் கழற்றினேன். ஸ்பிரிங்கை மென்மையாக வைத்து, சாய்வை ஸ்வே பாரிடம் விடுவது என்ற முடிவுக்கு அன்றுதான் வந்தேன்.

ஸ்வே பாரும் போட்டாச்சு. ஆனாலும் வளைவுல முன் டயரோட வெளி ஓரம் மட்டும் தேயுதே?

இது தேய்மானத்தால் வந்ததல்ல, பிறவிக் குணம். ஏ-பாடியின் ஸ்பிண்டில், அதாவது மேல் கீழ் பால் ஜாயின்ட்டுகளுக்கு நடுவில் நின்று சக்கரத்தைத் தாங்கும் இரும்பு, குட்டை. மேல் கை வெளிப்பக்கம் சரிந்து நிற்கிறது. வளைவில் வெளிச் சக்கரம் அமுங்கும்போது மேல் பால் ஜாயின்ட் உள்ளே வர வேண்டும், இங்கே முதலில் வெளியே போகிறது. அதனால் டயரின் தலை வெளியே சாய்ந்து, வெளி ஓரத்தில் நின்று ஓடுகிறது. உடல் சாயும் அளவை ஸ்வே பார் குறைக்கும், இந்தச் சாய்வின் திசையை மாற்றாது.

எளிய வைத்தியம், தண்டு அரை அங்குலம் உயரமான மேல் பால் ஜாயின்ட், கூடவே அதற்கேற்ற மேல் கை. மேல் கையின் வெளி முனை உயர்ந்து, சக்கரம் அமுங்கும்போது தலை உள்ளே சாயத் தொடங்கும். அலைன்மென்ட் பதிலில் சொன்ன கேஸ்டரும் அதே கையில் கிடைத்துவிடும், ஒரே செலவு. ஆலை விட்ட குறையை நேராகத் தொடும் மாற்றம் இது ஒன்றுதான். பெரிய செலவு ஒன்றே ஒன்று செய்வதாக இருந்தால் நான் இதைத்தான் செய்வேன்.

பெரிய கப்ரீஸ், இம்பாலா காரின் உயரமான ஸ்பிண்டிலைக் கொண்டுவந்து மாட்டும் பழைய வழி ஒன்று உண்டு. கேம்பர் சரியாகும், ஆனால் ஸ்டீயரிங் கையின் உயரம் பொருந்தாமல் போய், மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகத் திரும்பும். இன்று உயரமான பால் ஜாயின்ட் கிடைக்கும்போது அந்தத் தொல்லை தேவையில்லை. தாழ்த்துவதற்கென்று விற்கும் இரண்டு அங்குல டிராப் ஸ்பிண்டிலும் உயரத்தைத்தான் குறைக்கும், இந்தக் குறையைத் தீர்க்காது.

ஸ்டீயரிங் நடுவுல இரண்டு அங்குலம் சும்மா ஆடுது. பாக்ஸ் மாத்தணுமா?

முதலில் மூட்டுகளைச் சோதித்தீர்களா என்று பாருங்கள். அடுத்து ஸ்டீயரிங் தண்டும் பாக்ஸும் (தண்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வட்டு இருக்கும். அது கிழிந்திருந்தாலே இந்த ஆட்டம் வரும், விலை சொற்பம். பாக்ஸின் தலையில் இருக்கும் திருகை இறுக்கச் சொல்வார்கள். கொஞ்சம் இறுக்கலாம். அதிகம் இறுக்கினால் நடுவில் பல் தின்றுவிடும், பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. இவ்வளவும் பார்த்த பிறகும் சோம்பலாக இருந்தால் கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் அதிகம் திரும்பும் 12.7:1 விகித வேகப் பாக்ஸ் போடுங்கள். கேஸ்டரை ஏற்றாமல் வேகப் பாக்ஸ் மட்டும் போட்டால் கார் பதற்றமாக ஓடும்.

காயில்ஓவர் கிட் ஒண்ணு வாங்கிட்டா எல்லாப் பிரச்சினையும் ஒரே நாள்ல தீராதா?

காயில்ஓவர் என்பது ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் உட்காரும் அமைப்பு. நல்ல கிட் நன்றாகவே ஓடும். உயரத்தைத் திருகி மாற்றலாம், ஸ்பிரிங் மாற்றுவது சுலபம். உங்களுக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி. என் காரில் மூட்டு, புஷ், ஷாக், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ஆன செலவு, அப்போது நான் விலை கேட்ட முழு கிட்டில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

பின்பக்கம் போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆலை அமைப்பில் காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங் உட்காரும் இடம். ஷாக் மாட்டும் மேல் தகடு எடை தாங்கச் செய்ததல்ல. காயில்ஓவர் ஷாக்கின் இடத்தில் நிற்பதால் எடை முழுவதும் அந்தத் தகட்டுக்குப் போகிறது. அதற்கு வலுவூட்டும் குறுக்குச் சட்டம் கிட்டோடு வருகிறதா என்று கேளுங்கள். காற்று அடிக்கும் ஏர் ஷாக்குக்கும் இதே எச்சரிக்கைதான். எழுபதுகளில் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த அதைப் போட்டு, மேல் தகடு விரிசல் விட்ட கார்களை இன்றும் பார்க்கிறேன்.

என்னோடது 454 பிக் பிளாக். அதுக்கும் இதே கணக்கா?

வரிசை அதேதான். எடை வேறு. வார்ப்பிரும்பில் செய்த பெரிய இன்ஜினான பிக் பிளாக், 350 போன்ற ஸ்மால் பிளாக்கைவிட நூறு பவுண்டுக்கு மேல் கனம், அதுவும் முன் சக்கரங்களின் மீது. அதனால் முன் ஸ்பிரிங்கை இன்ஜினுக்கும் ஏசிக்கும் ஏற்றபடி கேட்டு வாங்குங்கள். அலுமினிய ஹெட் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், கணக்கு மாறும்.

உங்களுடையது நிஜமான 1970 எஸ்எஸ் 454 என்றால், அதிலும் 450 குதிரைத்திறன் எல்எஸ்6 இன்ஜின் என்றால், வெட்டவோ துளையிடவோ செய்யாதீர்கள். போல்ட்டில் கழற்றி மாட்டும் மாற்றங்கள் மட்டும். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், ஷிம் உட்பட, பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

இந்த வேலையை நானே கராஜ்ல செய்யலாமா?

ஷாக், ஸ்வே பார், பின் ஸ்பிரிங், டை ராட் எல்லாம் ஒரு வாரக் கடைசியில் செய்யலாம். முன் ஸ்பிரிங் மட்டும் வேறு. அமுங்கிய நிலையில் அதற்குள் இருக்கும் விசை கார் எடையைத் தாங்கும் விசை. கம்ப்ரஸர் கருவி, ஸ்பிரிங்கை ஃபிரேமோடு சுற்றிக் கட்டிய சங்கிலி, கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கி, மூன்றும் இல்லாமல் பால் ஜாயின்ட் நட்டைத் தொடக்கூடாது. நட்டைக் கழற்றாமல் இரண்டு சுற்று மட்டும் தளர்த்திவிட்டுத் தட்டுங்கள், மூட்டு விடுபட்டாலும் நட்டு பிடித்துக்கொள்ளும். முதல் முறை என்றால் அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். டிரம் பிரேக்கை டிஸ்க் ஆக்கும் எண்ணம் இருந்தால் அப்போதே செய்துவிடுங்கள், அதே மூட்டுகளை இரண்டு முறை பிரிக்க வேண்டியிருக்காது.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். இப்ப 65 மைல்ல தரை நடுங்குது, வலது பக்கமும் இழுக்குது. என்ன தப்பு பண்ணினேன்?

இரண்டும் தனித்தனிக் கோளாறு. நடுக்கத்துக்கு முதலில் வீல் பேலன்ஸ். அது சரியென்றால், பின்பக்கத்தை எவ்வளவு தாழ்த்தினீர்கள், நீளம் மாற்றும் மேல் கை போட்டீர்களா என்று பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டின் கோணமும் ஆக்ஸில் மூக்கின் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒன்று மாறினால் நடுவில் சுழலும் டிரைவ் ஷாஃப்ட் அதிரும், வேகம் ஏற ஏறத் தரையில் தெரியும். கோணமானி ஒன்று வைத்து இரண்டையும் அளந்து, கையின் நீளத்தைத் திருத்துங்கள்.

இழுப்புக்குச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றி மாட்டி ஓட்டுங்கள். இழுப்பு இடதுபக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான், ரேடியலில் இது வரும். மாறாமல் வலதுபக்கமே இழுத்தால் சாலையைப் பாருங்கள். மழைநீர் வடிய அமெரிக்கச் சாலைகள் வலது ஓரம் சரிந்திருக்கும், கார் இயல்பாகவே அந்தப் பக்கம் இறங்கும். வலது சக்கரத்தின் கேஸ்டரை இடதைவிட அரை டிகிரி கூட்டி வைக்கச் சொல்லுங்கள், நேராகிவிடும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் சஸ்பென்ஷனை விட்டுவிட்டு டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்.